ஏழாம் எண் கட்டில்

பரீட்சை எனக்கில்லை.
நான்தான் வினாத்தாள்.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி,
திரை போட்ட கட்டில், ஏழாம் எண்.
ஒரு நாளைக்கு எண்பது ரிங்கிட், மதியச் சாப்பாடு,
ஆயர் ஈத்தாமிலிருந்து வந்துபோகக் கார்க் காசு.
ஒரே நிபந்தனை:
கேட்டாலும் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது.

சொல்ல மாட்டேன்.
அது ஒரு ஜப்பான்காரரின் பெயர், கண் டாக்டராம்.
என் ரத்தக் குழாய்க்குள் குடிவந்தவரை
ஒழுங்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடவே
எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் கண்டது டாக்டரில்லை.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ரத்ததான முகாம்.
இடது கையில் பட்டை சுற்றினாள் மிஸ்ஸி.
எந்திரம் இறுகியது, யோசித்தது, எரர் என்றது.
இன்னொரு எந்திரம். இன்னொன்று.
எல்லாமே ரோசாக் என்று முனகிவிட்டு
மணிக்கட்டில் விரல் வைத்து
வெகுநேரம் தேடினாள்,
கைப்பையின் அடியில் சாவி தேடுகிறவள் மாதிரி.
வரிசையில் பின்னால் நின்ற தவமலர்
"உயிரோடதானே இருக்க லோகேஸ்வரி?" என்று சிரித்தாள்.

நாடி அடங்கிவிட்டது என்றால்
நம் பேச்சில் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்.
நான் ஷிப்ட் முடித்துப் பஸ்ஸில் போனேன்.
நின்றுகொண்டே,
வலது கையால் கம்பியைப் பிடித்தபடி.
இடது கையைத் தூக்கிப் பிடித்தால்
இரண்டு ஸ்டாப்பில் நோகும்.
துணி காயப்போடும்போதும் நோகும்.
அதைச் சோம்பல் என்று
நானே என்னைத் திட்டியிருக்கிறேன்.

முதலில் வந்த ஹுவேய் மின்னுக்குக் கை ஜில்லென்றிருந்தது.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்தாள்.
இருட்டில் இறங்குகிறவள்
படி இருக்கும் என்று காலை வைத்து
அங்கே படி இல்லாத முகம்.
அந்த முகத்துக்கு முழு மதிப்பெண் போடலாம்.
பிறகு காறையெலும்பின் மேல் குழலை வைத்துக் கேட்டாள்.

அந்தச் சத்தம் எனக்கும் தெரியும்.
டாக்டர் ஓங் ஒருநாள் என் காதிலேயே மாட்டிவிட்டார்.
மழை விட்ட பிறகு
சாக்கடை மூடிக்குக் கீழே தண்ணீர் போகிற ஓசை.
இடுக்கில் போகும் ரத்தம் இரையும் என்றார்.
இடுக்கில் மாட்டினால் யார்தான் இரைய மாட்டார்கள்.

ஐந்தாவதாகக் கபிலேஷ்.
சட்டைக் காலரில் இஸ்திரி பொசுக்கிய மஞ்சள் தடம்.
வலது கை: எழுபத்தாறு.
இடது கையை அவன் பிடித்த பிடி,
கடலில் விழுந்தவன் கயிற்றைப் பிடிக்கிற பிடி.
கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான்.
நூற்றுப் பன்னிரண்டு என்றான்.

டாக்டர் ஓங்கின் பேனா நின்றது.

பொய்யில்லை அது.
அவ்வளவு அழுத்தினால்
தன் விரலின் துடிப்பே தனக்குக் கேட்கும்,
அதையும் எனக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார்.
ஒன்றரை வருடமாக ஆளில்லாத மணிக்கட்டில்
ஒரு பையனின் பயம்
நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு முறை
ஓடிக்கொண்டிருந்தது.
எடுக்க வேண்டாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

பெயரைச் சொல்லக் கூடாது என்றுதானே நிபந்தனை.
"மெதுவா பிடிங்க தம்பி, நோகுது" என்றேன்.

விரல் தளர்ந்தது.
அவன் மறுபடி எண்ணப் போனான்.
ஒன்றும் இல்லை.
இன்னும் கொஞ்சம் தளர்த்தினான்.
ஒன்றும் இல்லை.
என்னைப் பார்த்தான்,
நோயாளியைப் பார்க்கிற மாதிரி அல்ல.
வாயைத் திறப்பதற்குள்
மணி அடித்தது.

தேறினானா என்று தெரியாது.
எண்பது ரிங்கிட்டுக்கு வலது கையால் கையெழுத்துப் போட்டேன்.
அப்புறம்தான் கவனித்தேன்,
இடது மணிக்கட்டில் மூன்று வெள்ளைப் புள்ளிகள்,
அவன் விரல் இருந்த இடம்.
நிறம் திரும்ப
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
ஒன்பது வரை எண்ணினேன்.

அதுவும் ஓர் அறிகுறிதான்.
காலையிலிருந்து வந்த ஒருவரும்
அதை எழுதவில்லை.